படுக்கை வண்டியும் பலகை வண்டியும்

இரவு ரயிலில் நெடுந்தூரம் செல்வோர் எப்படுக்கையைக் கேட்டு வாங்க வேண்டும், மூட்டை முடிச்சுகளை எங்கே வைக்க வேண்டும், உடன் வருவோர்க்குத் தொல்லையின்றி எவ்வாறு உறங்கி எழ வேண்டும் என்பன பற்றி நம்மவர்க்குச் சில யோசனைகள் கூறுவது இக்கட்டுரையின் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும், யோசனை கூறுமுன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டியிருக்கிறது. ரயிலில் கால் நீட்டிப் படுக்கும் உரிமை யாருக்கு முதலில் கிடைத்தது? யாருக்குக் கடைசியாகக் கிடைத்தது? இக்கேள்வியை மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் வாழும் தோழர்களும், ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் முதலிய ஊர்களிலுள்ள அன்பர்களும் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறோம். பாதை போட்டவர் ஒருவராகவும் அதன்மேல் படுத்துச் சென்றவர் வேறொருவராகவும் இருந்த சரித்திரம் நம் வீட்டுச் சரித்திரமே யாகும்.

தண்டவாளம் வந்த வரலாறு

மலாயாவின் முதல் ரயில் பாதை 1885-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி திறக்கப்பட்டது. தைப்பிங் நகருக்கும் போர்ட் வெல்டு துறைக்கும் இடையே அமைந்த அப்பாதையின் நீளம் சுமார் 8 மைல். சுரங்கத்து ஈயத்தைக் கடற்கரையில் கொண்டு சேர்ப்பதே அதன் முக்கிய வேலை. அதனை அமைப்பதற்கு இலங்கையிலிருந்து 'பயனீர்' படைப்பிரிவினர் வரவழைக்கப்பட்டனர். 1886-ல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரைக்கு ஒரு பாதையும், 1891-ல் சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கு ஒரு பாதையும் ஏற்பட்டன. இவையெல்லாம் மலைப்பக்கத்திலிருந்து கடலை நோக்கி ஓடிய குட்டைப் பாதைகள். காலையில் ஏறியவர் மதிய உணவுக்கு முன்பே இறங்கிவிடுவர். ஆகவே வண்டியில் படுக்கை வேண்டும் என்னும் பேச்சுக்கே அங்கு இடமில்லை.

1901-ல் ஐக்கிய மலாய் நாடுகளின் ரயில்வே என ஒரே நிர்வாகம் ஏற்பட்ட பின்னர் இத்துண்டுப் பாதைகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. 1903-ல் சிரம்பானிலிருந்து பிறை வரை வண்டி ஓடிற்று. 1905-ல் தம்பினிலிருந்து மலாக்கா பட்டணத்திற்கு ஒரு கிளைப்பாதை திறக்கப்பட்டது. அதன் நீளம் இருபது மைலுக்குச் சற்று அதிகம். 1909-ல் பாதை கெமாஸ் வழியாக ஜொகூர் பாருவை எட்டியது. 1918-ல் பாடாங் பெசாரில் சயாம் நாட்டு ரயிலோடு இணைப்பு ஏற்பட்டது. 1923-ல் ஜொகூர் நீரிணையின் மேல் கட்டிய கற்பாலத்தின் வழியே சிங்கப்பூருக்கு ரயில் சென்றது. இவ்வாறு சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஏறக்குறைய 250 மைல் தூரம் ஒரே வண்டியில் போகும் வசதி உண்டாயிற்று. அதன் பயனாக இரவில் புறப்பட்டு விடியலில் சேரும் இரவு மெயில் பெயர் பெற்றது.

நிற்க, மலாக்காவிற்கும் இந்த இரவு மெயிலுக்கும் உள்ள தொடர்பைக் கூற வேண்டும். தம்பின் பட்டணம் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது. அதன் பெயரைத் தாங்கிய ஸ்டேஷன் நிற்கும் புலாவ் செபாங்கோ மலாக்கா மண்ணாகும். நம் மாநிலத்திலிருந்து வடக்கே பினாங்குக்குச் செல்பவரும், தெற்கே சிங்கப்பூருக்குச் செல்பவரும் அந்நாளில் கிளை வண்டியில் வந்து அங்கேதான் பெரிய வண்டி மாற வேண்டியிருந்தது.

படுக்கை யாருக்கு?

டான் சாய் யான் என்பார் 1896-ல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் ஆசாஹானில் பெருந்தோட்டம் அமைத்தார். ரப்பர் பெருகப் பெருக ஆட்களின் தேவையும் பெருகிற்று. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணியின் பின்னே புறப்பட்ட நம் முன்னோர், நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாமில் தங்கி, கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துக் கடல் கடந்து, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹமிலோ இறங்கி, நோய்த் தடுப்பு முகாமில் நாட்களைக் கழித்து, அதன் பின்னரே தோட்டத்திற்கு அனுப்பப்பட்டனர். கப்பலிலாவது தளத்தில் கிடந்து உறங்க முடிந்தது. ரயிலில் அதுவும் இல்லை.

அந்நாளைய மலாயா ரயிலில் மூன்று வகுப்புகள் இருந்தன. படுக்கை முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் உரியது. மூன்றாம் வகுப்புக்கு உரியது பலகை. துரைமாரும் பெரிய உத்தியோகஸ்தரும் வெள்ளை விரிப்பின்மேல் துயின்றபடி தம்பினைக் கடந்து செல்ல, தோட்டத்துத் தொழிலாளி மடியில் குழந்தையும் காலடியில் மூட்டையுமாகத் தலை ஆடி ஆடி விழித்திருந்தான். 1930-ஆம் ஆண்டையொட்டிய பொருளாதார நெருக்கடியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 40 காசு கூலி. பெண்ணுக்கு அதனினும் குறைவு. பின்னர் அதுவும் இறங்கிற்று. அத்தகைய கூலிக்காரனுக்கு இரண்டாம் வகுப்புப் படுக்கை என்பது நினைத்துப் பார்க்கவும் கூடாத பொருள். 1930 முதல் 1932 வரை வேலையிழந்து தாயகம் திருப்பியனுப்பப்பட்ட இந்தியத் தொழிலாளர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இந்த ரயில்வேயின் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர் பணியாற்றினர். பாதையில் கல் கொட்டிச் சமன் செய்து, சிலிப்பர் கட்டை மாற்றி, ஆணி இறுக்கிய கேங்குத் தொழிலாளரிலும் தமிழரே மிகுதி. மெயில் வண்டியின் படுக்கையில் இருந்தவர் குலுங்காமல் உறங்கினார் என்றால் அதற்குக் காரணம், பகலெல்லாம் வெயிலில் நின்று பாதையைச் செப்பனிட்ட அந்தக் கைகளே. அதே கைகளுக்குரியவன் வண்டி ஏறினால் பலகையில்தான் உட்கார வேண்டும்.

கடல் கடந்த நாடுகளில்

இது மலாயாவுக்கு மட்டும் உரிய அநீதி யென்று எவரும் எண்ண வேண்டா. 1917-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் காந்தியார் பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்தார். டிக்கட்டின் விலை 13 ரூபாய் 9 அணா. வண்டியில் 22 பேர் இருக்கலாம் என எழுதியிருந்தது. வழியில் பெரும்பகுதி 35 பேர் வரை அதில் அடைந்து கிடந்தனர். இரண்டு இரவுகள் கழிக்க வேண்டிய அந்த வண்டியில் பத்திரமாகப் படுப்பதற்கு ஒரு பலகையும் இல்லை. சிலர் அழுக்கில் தரையில் கிடந்தனர். சிலர் நின்றே வந்தனர். இவற்றையெல்லாம் அவர் அவ்வாண்டே பத்திரிகைகளுக்கு எழுதி வெளிப்படுத்தினார். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் இந்திய ரயிலிலிருந்து 1974-ல்தான் மறைந்தது.

படுக்கை வண்டியைப் பெரிய வியாபாரமாக்கியவர் அமெரிக்கராகிய ஜார்ஜ் புல்மன். 1860-களில் அவர் தமது படுக்கை வண்டிகளை ஓடவிட்டார். அவற்றைக் கண்டு வந்த பெல்ஜியராகிய நாகெல்மாக்கர்ஸ் 1872-ல் ஐரோப்பாவில் அத்தகைய கம்பெனி யொன்றைத் தொடங்கினார். 1883-ல் பாரிஸிலிருந்து புறப்பட்ட ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் அக்கம்பெனியின் வண்டியே. இவை பற்றிய சிங்காரக் கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். படுக்கை விரித்தவர்களின் கதையைக் கேட்டவர் குறைவு. புல்மன் கம்பெனி, அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பு மக்களையே படுக்கை வண்டி ஊழியராக அமர்த்திற்று. அவர்கள் பெயர் எதுவாயினும் பிரயாணிகள் அவர்களை 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டனர். அடிமையை எஜமானன் பெயரால் அழைத்த பழைய வழக்கத்தின் மிச்சம் அது. தோட்டத்துப் பதிவேட்டில் பெயருக்குப் பதில் நம்பரால் அழைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

அவ்வூழியர் மாதம் 400 மணி நேரம் உழைக்க வேண்டியிருந்தது. மற்றவர் உறங்குவதற்காக அவர்கள் உறக்கம் பறிக்கப்பட்டது. 1925-ல் பிலிப் ராண்டால்ப் என்பாரின் தலைமையில் அவர்கள் சங்கம் கண்டனர். பன்னிரண்டு ஆண்டுகள் விடாது போராடி 1937-ல் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து கொண்டனர். மாத வேலை நேரம் 240 மணியாகக் குறைந்தது. ஒற்றுமையாகக் கூடிச் சங்கம் நடத்தியதனால் வந்த பலன் அது என்பதைத் தோட்டத்துத் தோழர்கள் குறித்துக் கொள்ள வேண்டும்.

பெயர்க்கப்பட்ட பாதை

இனி நம் மலாக்காவின் சரித்திரத்தில் மிகத் துயரமான பகுதிக்கு வருகிறோம். 1942-ல் மலாயா ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு ரயில் பாதையை அவர்கள் விரைவாகப் போடத் தொடங்கினர். அதற்குத் தண்டவாளமும் வேண்டும், ஆட்களும் வேண்டும். தண்டவாளத்திற்காகத் தம்பின்–மலாக்கா கிளைப்பாதை பெயர்க்கப்பட்டது. கிழக்குக் கரைப் பாதையின் ஒரு பகுதியும் அவ்வாறே பெயர்க்கப்பட்டது. ஆட்களுக்காகத் தோட்டங்கள் சல்லடை போட்டுச் சலிக்கப்பட்டன. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர் 70,000-க்கு மேற்பட்டவர். அவருள் பெரும்பாலோர் தமிழர்.

அவர்கள் எவ்வாறு கொண்டு செல்லப்பட்டனர்? சரக்கு ஏற்றும் மூடு வண்டிகளில் அடைத்து, நாட்கணக்கில், வடக்கே சயாமிலுள்ள பான் போங் என்னும் ஊர் வரை அனுப்பினர். அவ்வண்டிகளில் படுக்கையும் இல்லை, பலகையும் இல்லை. பகலில் இரும்புத் தகடு கொதிக்கும், இரவில் குளிரும். மூன்றாம் வகுப்புப் பலகையை இழிவென்று எண்ணியவனுக்கு அப்பலகையே சுவர்க்கமெனத் தோன்றியிருக்கும். இறங்கியபின் காட்டு வழியில் நடை, பின் வேலை, மழை, பட்டினி, மலேரியா, 1943-ல் காலரா. அவ்வாண்டு அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களுள் பல்லாயிரவர் திரும்பவே இல்லை. நம் மக்கள் அதனைச் சயாம் மரண ரயில் என்று அழைக்கின்றனர். எந்தத் தண்டவாளம் மலாக்காவுக்கு ரயிலைக் கொண்டு வந்ததோ, அதைப் பெயர்த்த காலத்திலேயே மலாக்கா நாட்டு மக்களையும் பெயர்த்தெடுத்துக் காட்டில் போட்டனர். யுத்தம் முடிந்தபின் அக்கிளைப்பாதை மீண்டும் போடப்படவில்லை. மலாக்கா பட்டணத்திற்கு இன்றுவரை ரயில் இல்லை.

பிற்காலத்து மாறுதல்கள்

யுத்தத்துக்குப் பின் இரவு மெயில் மீண்டும் ஓடிற்று. வகுப்பு வேற்றுமையும் உடன் ஓடிற்று. ஆயினும் நாளடைவில் இரண்டாம் வகுப்புப் படுக்கை ஆசிரியர், குமாஸ்தா, லாரி ஓட்டி, தோட்டத்துப் பெரியவர் என யாவரும் பணம் சேர்த்து வாங்கக்கூடிய பொருளாயிற்று. அந்த வண்டிகளும் இன்று இல்லை. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையம் 2011-ல் மூடப்பட்டது. சிரம்பானிலிருந்து கெமாஸ் வரை மின்சார இரட்டைப் பாதை 2013-ல் திறக்கப்பட்டது. புலாவ் செபாங் ஸ்டேஷனில் இன்று மின்சார வண்டி விரைந்து வந்து விரைந்து போகிறது. சிங்கப்பூர்–கோலாலம்பூர் இரவு வண்டி பழங்கதையாயிற்று.

எனினும் நம்மவர் படுக்கை வண்டியில் ஏறும் சந்தர்ப்பங்கள் இரண்டு நிலைத்துள்ளன. ஒன்று, தமிழ்நாட்டில் முன்னோர் ஊரைக் காணச் சென்று, சென்னையிலிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ இரவில் போவது. மற்றொன்று, பாடாங் பெசாரிலிருந்து பாங்காக் நகருக்குச் செல்லும் சயாம் வண்டி. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டு கீழ்வரும் யோசனைகளைக் கூறுகிறோம்.

பிரயாணிகட்குச் சில யோசனைகள்

முதலாவது, படுக்கையைத் தேர்ந்தெடுத்தல். தமிழ்நாட்டு வண்டிகளில் சாதாரணப் படுக்கை வகுப்பில் கீழ், நடு, மேல் என மூன்று அடுக்குகள் உண்டு. நடைவழியின் மறுபுறத்தில் நீளவாட்டில் இரண்டு உண்டு. முதியோரும் கர்ப்பிணிகளும் கீழ்ப்படுக்கையே கேட்க வேண்டும். முதியோர்க்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் அதனை ஒதுக்கும் விதி அங்குள்ளது. நல்ல இளைஞர் மேற்படுக்கையை ஏற்றால் எவரும் தம்மை எழுப்பமாட்டார். சயாம் வண்டியில் பகலில் எதிரெதிராயிருக்கும் ஆசனங்களை ஊழியர் இரவில் இழுத்துக் கீழ்ப்படுக்கையாக்குவார். மேற்படுக்கை அதனினும் குறுகலானது, விலையும் குறைவு. எந்த வண்டியாயினும் வாயிற்பக்கத்தையும் கக்கூசுப் பக்கத்தையும் தவிர்த்து நடுப்பகுதியைக் கேட்பது நலம். கதவின் ஓசையும் சக்கரத்தின் அதிர்ச்சியும் அங்கே குறைவு.

இரண்டாவது, காலம். தமிழ்நாட்டு வண்டிகளுக்குப் பிரயாண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்னரே இடம் பதியத் தொடங்குகின்றனர். 2024 நவம்பர் முதல் இதுவே விதி. பொங்கல், தீபாவளிக் காலங்களில் சில நிமிஷங்களில் இடம் தீர்ந்துவிடும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை உறங்கும் நேரம். அதற்கு முன்னும் பின்னும் நடுப்படுக்கையை மடக்கி எல்லோரும் உட்கார இடம் விட வேண்டும். சயாம் நேரம் நம் நேரத்தைவிட ஒரு மணி பின்னது என்பதை மறப்பவர், வண்டி வருமுன் வீணே ஒரு மணி காத்திருக்க நேரும். பாடாங் பெசாரில் இருநாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஒரே ஸ்டேஷனில் நடக்கும். அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது, சாமான். ஒருவர் தாமே தூக்கக்கூடிய ஒரு பெட்டிக்கு மேல் வேண்டா. தமிழ்நாட்டு வண்டிகளில் கீழ்ப்படுக்கையின் அடியில் சங்கிலி மாட்டும் வளையங்கள் உண்டு. ஒரு சிறு சங்கிலியும் பூட்டும் கொண்டு போவது நல்லது. பாஸ்போர்ட்டும் பணமும் பெட்டியில் வைக்கத் தக்கன அல்ல. உடலோடு ஒட்டிய பையில் இருக்க வேண்டும். சாதாரணப் படுக்கை வகுப்பில் விரிப்பும் போர்வையும் தரமாட்டார்கள்; ஒரு கைலியும் ஒரு போர்வையும் எடுத்துச் செல்க. குளிர்சாதன வண்டியில் அவற்றைத் தருவர். ஆயினும் குளிர் கடுமையாகையால் குழந்தைகளுக்குத் தலைமூடியும் கம்பளிச் சட்டையும் அவசியம்.

நான்காவது, நடத்தை. விளக்கணைந்த பின் கைப்பேசியில் பாட்டுப் போடுவதும், உரத்த குரலில் ஊர்க்கதை பேசுவதும் அயலாரின் உறக்கத்தைத் திருடுவதாகும். பிறர் திரையை விலக்கிப் பார்ப்பது பெருங்குற்றம். வெற்றிலைச் சாற்றைச் சன்னலின் வழியே துப்புவது பின் சன்னலில் இருப்பவர் முகத்தில் துப்புவதேயாகும். மதுபானத்தோடு வண்டி ஏறுவதைப் பற்றி நாம் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சயாம் ரயிலில் 2014 முதல் அதற்குத் தடையே உண்டு. படுக்கை விரிக்கும் ஊழியரை மரியாதையுடன் 'ஐயா' என்றோ 'தம்பி' என்றோ அழையுங்கள். விரலைச் சொடுக்கிக் கூப்பிடாதீர்கள். 'ஜார்ஜ்' என்று அழைக்கப்பட்டவர்களின் கதையை மேலே கண்டோமன்றோ!

முடிவுரை

பாங்காக் செல்லும் வண்டி அந்நகரை அடையுமுன் பான் போங் ஊரைக் கடந்தே செல்கிறது. மூடு வண்டியிலிருந்து நம் மலாக்காத் தோட்டத்து மக்கள் இறக்கிவிடப்பட்ட ஊர் அது. அவ்வழியே அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று வெள்ளை விரிப்பின்மேல், தலையணையிட்டு, திரை போட்டுப் படுத்துச் செல்லுகின்றனர். அதனை நாம் குறை கூறவில்லை, மனமார மகிழ்கிறோம். உழைப்பவன் உறங்கிச் செல்ல வேண்டும் என்பதே நம் கருத்து. ஆயினும் அவ்வூரின் பெயரையேனும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது பெற்றோர் கடமை.

அன்றியும் ஒரு வேண்டுகோள். மலாக்காக் கிளைப்பாதையில் வண்டி ஏறியவர்களும், சயாமிலிருந்து உயிரோடு திரும்பியவர்களும் சொன்ன செய்திகள் இன்று சில வீடுகளில் அவர்கள் பிள்ளைகளின் நினைவில் மட்டும் எஞ்சியுள்ளன. அப்பிள்ளைகளும் முதியோராகிவிட்டனர். யார் போனார், எந்தத் தோட்டத்திலிருந்து போனார், யார் திரும்பவில்லை என்பதை ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கும்படி தோட்டத்து வாலிபர் சங்கங்களையும் பள்ளி ஆசிரியர்களையும் கேட்டுக் கொள்ளுகிறோம். அடுத்த விடுமுறையிலேயே இவ்வேலையைத் தொடங்குவார்களாக.